கடற்கரை வீடுகள் பிரீபெய்டு மின்சாரத்துக்குத் தயங்குவது ஏன்?

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "போனுக்கு முன்பணம் கட்டுகிறோம், கேஸ் சிலிண்டருக்குக் காசைக் கொடுத்த பிறகுதான் இறக்கி வைக்கிறார்கள். மின்சாரத்துக்கு மட்டும் முன்பணம் என்றால் எங்கள் அம்மாவிலிருந்து தெரு முழுக்க ஏன் பதறுகிறார்கள்? இது அறியாமையா, இல்லை அதில் நியாயம் இருக்கிறதா? நாளைக்கு அந்த மீட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

பாம்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி மின் கணக்கெடுத்தவன் என்ற முறையிலும், பிறகு பிரிவு அலுவலகத்தில் கட்டண வசூலைப் பார்த்தவன் என்ற முறையிலும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அறியாமை இல்லை. உங்கள் அம்மா யூனிட் கணக்கை என்னைப் போல் எழுதிக் காட்டமாட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் தம் வீட்டுக்கு என்ன செய்கிறது, அது இல்லாமல் போனால் எது கைவிட்டுப் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பணம் கட்டுவதற்கு அந்தத் தெரு பயப்படவில்லை. பணம் இல்லாத நாளில் யாரும் வராமல், யாரிடமும் சொல்லாமல் கரண்ட் நின்றுபோவதற்குத்தான் பயப்படுகிறது.

பேச்சில் எப்போதும் கலந்துவிடும் இரண்டு பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஸ்மார்ட் மீட்டர் என்பது கருவி. பிரீபெய்டு என்பது பணம் வசூலிக்கும் முறை. ஸ்மார்ட் மீட்டர் தானாகவே அளவைப் பதிந்து, சிம் வழியாகவோ பக்கத்து மீட்டர்களோடு கோத்த ரேடியோ அலை வழியாகவோ அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது. இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் அதற்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. இதே மீட்டரை வைத்துக்கொண்டு இன்றைக்கு இருப்பதுபோல் பின்னால் பில் கொடுக்கவும் முடியும். முன்னால் பணம் வாங்கி நாள்தோறும் கழிக்கவும் முடியும். மத்திய அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளும் புதிய இணைப்புகளைப் பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் வழியாகவே தரவேண்டும் என்றும், விலக்கு வேண்டுமானால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுவதற்குமாகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி, கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது. அதனால் நம் கடற்கரையில் பெரும்பாலான வீடுகள் இதைக் கண்ணால் கண்டதில்லை. தங்கள் வரவு செலவைத் தெரிந்தவர்கள் என்பதால்தான் முன்கூட்டியே தயங்குகிறார்கள்.

இப்போதுள்ள முறை ஒரு வீட்டுக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறோம். வீட்டிலிருக்கும் வெள்ளை மின் கணக்கு அட்டையில் அளவை எழுதிய நாளிலிருந்து பணம் கட்ட 20 நாள் கிடைக்கிறது. ஆக, கணக்கெடுத்த மறுநாள் எரித்த யூனிட்டுக்கு ஏறத்தாழ 80 நாள் கழித்துத்தான் காசு கேட்கிறோம். சராசரியாகப் பார்த்தாலும் ஒவ்வொரு யூனிட்டும் 50 நாள் தவணையில் போகிறது. இது வட்டியில்லாக் கடன். இந்தக் கடனுக்கு ஈடாகத்தான் இணைப்பு கொடுக்கும்போதே டெபாசிட் வாங்கி வைக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அந்த டெபாசிட் என்றைக்கோ கட்டி மறந்துபோன பணம். கடனோ ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கிடைக்கிறது. நகையை அடகு வைக்காமல், குழுவில் கையெழுத்துப் போடாமல், வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் நம் கடற்கரை வீடுகளுக்குக் கிடைக்கும் கடன்கள் மிகச் சில. மளிகைக் கடை நோட்டு ஒன்று, கரண்ட் பில் மற்றொன்று. பிரீபெய்டு என்றால் அந்த இரண்டில் ஒன்று அடைபடுகிறது. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டில் இதன் கனம் தெரியாது.

கடல் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை, பாட்டுக் கணக்கில், அதாவது அன்றன்று வலையில் விழும் மீனைப் பொறுத்து, வருகிறது. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாள்களைப் பிரித்துக்கொண்டு தொழில் செய்கின்றன. இறங்கும் நாளிலும் பாடு அமைந்தால்தான் பங்கு. டீசல் செலவு போக மிச்சம் இல்லாத நாளில் பங்கும் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் அது இறங்கும்வரை எல்லாப் படகும் கரையில்தான் நிற்கும். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் கருவாடு காயவைப்போருக்கும் இதே கதை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மின் கணக்கீட்டுச் சுற்று ஒன்றின் நீளமும் கிட்டத்தட்ட இதேதான். விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் முழுச் சுற்றுக்கும் கடல் வருமானம் கிடையாது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய். அதே இரண்டு மாதம்தான் ஆண்டின் கடும் வெயில் காலம். வீட்டிலுள்ள எல்லோரும் கரையில் இருப்பதால் பகலிலும் மின்விசிறி சுற்றுகிறது. 75 வாட் பழைய மின்விசிறி மூன்று, நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட். 61 நாளுக்கு 220 யூனிட் ஆகிவிடும். குளிர்பெட்டி, விளக்கு, டிவி எல்லாம் சேர்த்து 330 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதன்பிறகு கட்டணம் சிறிது கூடியது; இங்கே 2022 கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கில் பில் 810 ரூபாய் வரும்.

இந்த 810 ரூபாயை இப்போது அந்த வீடு எப்போது கட்டுகிறது? கணக்கீட்டுச் சுற்றும் தடைக்காலமும் ஒன்றாகவே தொடங்கின என்று வைத்துக்கொண்டால், ஜூன் நடுவில் கணக்கெடுத்து, ஜூலை முதல் வாரத்துக்குள் கட்டவேண்டியிருக்கும். அதற்குள் படகு இறங்கிவிடும். தடை முடிந்து முதலில் இறங்கும் நாள்களில் பொதுவாக நல்ல பாடு இருக்கும். கடன்களெல்லாம் அடைபடுவதும் அப்போதுதான். பிரீபெய்டு முறையில் இதே வீட்டுக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். நாளுக்கு ஏறத்தாழ 5.4 யூனிட் வீதம் முதல் 18 நாள் இலவசத்தில் கழிந்துவிடும். அடுத்த 18 நாள் தினமும் 12 ரூபாய் கழியும். அதற்குப் பிறகு, அதாவது மே 22 வாக்கிலிருந்து தடை முடியும்வரை, தினமும் 24 ரூபாய் கழியும். கையிருப்பு கரையக் கரையக் கழிவு இரட்டிப்பாகிறது. அந்த வீட்டில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாத கடைசி மூன்று வாரத்தில்தான் மீட்டர் அதிகமாகக் கேட்கும். தொகை பெரிதில்லைதான். அது கேட்கப்படும் வேளைதான் பெரிது. உங்கள் அம்மா சொல்லமுடியாமல் தவிப்பது இதைத்தான் என்று நம்புகிறேன்.

அடுத்தது, கெடு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, பணம் கட்டத் தவறியவருக்கு 15 முழு நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்த பிறகே இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது. அந்த அறிவிப்பு நடைமுறையில் எப்படி இருந்தாலும், துண்டிக்க ஒரு ஆள் நேரில் வந்தாகவேண்டும் என்பது மக்களுக்கு ஒரு காப்பாக இருந்து வந்திருக்கிறது. பியூஸைப் பிடுங்க வாசலில் ஏறிய எத்தனையோ முறை, "தம்பி, மகன் கடலுக்குப் போயிருக்கான், விடிஞ்சா வந்துருவான், நாளைக்குக் கட்டிருவோம்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியிருக்கிறோம். மறுநாள் பணம் வந்துவிடும். வராத நாளும் உண்டு. விதிப்படி அது சரியா என்று கேட்டால் சரியில்லை. ஆனால் அந்த ஒரு நாள்தான் இந்த முறையை மக்கள் பொறுத்துக்கொண்டதற்கு அடிப்படை. பிரீபெய்டில் இருப்பு தீர்ந்தால் பாக்கி என்று எதுவும் இல்லை. பாக்கி இல்லையென்றால் பாக்கிக்கான அறிவிப்புக்கும் இடமில்லை. சட்டம் கொடுத்த பதினைந்து நாள், கைபேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தியாகச் சுருங்கிவிடுகிறது என்பதே என் வாசிப்பு.

அந்தக் குறுஞ்செய்தி யாருக்குப் போகும்? பதிவான எண்ணுக்குப் போகும். பதிவான எண் பெரும்பாலும் வீட்டு ஆணுடையது. அவர் கடலில் இருக்கிறார். போன் அவரோடு இருக்கிறது, சிக்னல் கரையோடு நின்றுவிட்டது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு இருப்பு குறைந்ததும் தெரியாது, தீர்ந்ததும் தெரியாது. விசிறி நின்ற பிறகுதான் தெரியும். கண்ணாடி வைத்துக்கொண்டு வெள்ளை அட்டையில் முந்தைய எண்ணைத் தடவிப் பார்த்து, "போன தடவையைவிட இருபது யூனிட் கூட" என்று எனக்கே சொன்ன பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். அட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கணக்கு அட்டையிலிருந்து போனுக்குப் போகும்போது, அதைக் காலங்காலமாகப் பார்த்துவந்தவரின் கையிலிருந்து விலகிப்போகிறது.

இலவச 100 யூனிட் போய்விடும் என்பதுதான் நான் அதிகம் கேட்கும் அச்சம். 2016இல் தொடங்கிய சலுகை அது. சிறு வீடுகள் பலவற்றுக்கு பில் என்றாலே அந்த நூறைத் தாண்டினோமா இல்லையா என்பதுதான். பிரீபெய்டு என்ற காரணத்துக்காக இலவச யூனிட் போகவேண்டியதில்லை. பீகாரைப் பாருங்கள். பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டரை நாட்டில் மற்றவர்களுக்கு முன்பே பரவலாகப் பொருத்திய மாநிலம் அது. அங்கே 2025 ஆகஸ்டு முதல் வீடுகளுக்கு மாதம் 125 யூனிட் இலவசம் என்று அறிவித்து நடத்துகிறார்கள். ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்கமுடியும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. நூறு யூனிட்டை இரண்டு மாதத்துக்கும் ஒரே தொகுப்பாகக் கணினி வைத்துக்கொள்ளுமா, அல்லது நாளுக்கு ஒன்றரை யூனிட் சொச்சம் என்று துண்டு போட்டுக் கழிக்குமா? துண்டு போட்டால், நான்கு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனவரின் மிச்சம் அடுத்த நாளுக்குச் சேருமா? இதற்கு எழுத்தில் விடை இல்லாதவரை அச்சம் நியாயமானதே.

இதைவிடக் கடுமையான சிக்கல் 500 யூனிட் வரம்பில் இருக்கிறது. கவனமாகப் பாருங்கள். 2022 கட்டணத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1725 ரூபாய். 501 எரித்தால் 1958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுவது எப்படியென்றால், 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் 2 ரூபாய் 25 காசு விலை பறிபோய், அதற்கும் 4 ரூபாய் 50 காசு கணக்கிடப்படுகிறது. பின்னால் வரும் பில்லில் இது மொத்தத் தொகைக்குள் மறைந்துவிடுகிறது. எத்தனையோ பேருக்கு இப்படி நடந்ததே தெரியாது. பிரீபெய்டில் இது வெளியே தெரியும்: 501ஆவது யூனிட் ஓடிய அந்த வேளையில் இருப்பிலிருந்து 233 ரூபாய் ஒரேயடியாகக் குறையும். நேற்று 250 ரூபாய் போட்டவர் இன்று காலை 17 ரூபாயைப் பார்த்தால் "மீட்டர் திருடுகிறது" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லமாட்டேன். படிநிலைக் கட்டணமும் தினசரிக் கழிவும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. மீட்டரை மாற்றுவதற்கு முன் அந்த வரம்பைச் சரிசெய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புது மீட்டர் வேகமாக ஓடும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். முழுக்கப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தட்டு சுழலும் பழைய மீட்டர் வயதாக ஆக உராய்வால் மெதுவாகும். சிறு விளக்கு, அணைத்தும் அணையாத டிவி போன்ற மிகச் சிறிய சுமையை அது பதியவே பதியாமல் விடுவதும் உண்டு. மின்னணு மீட்டர் அதையெல்லாம் பதியும். அந்த வேறுபாட்டை நம்மூரில் தட்டு மீட்டரை மாற்றியபோதே பெரும்பாலோர் அனுபவித்துவிட்டார்கள். மின்னணு மீட்டரிலிருந்து ஸ்மார்ட் மீட்டருக்குப் போகையில் அதே அளவு ஏற்றம் வரக் காரணமில்லை. ஆனால் கடற்கரைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் சுவர் ஈரம் இழுக்கிறது, வயர் முனைகள் பச்சை பூக்கின்றன, இணைப்புப் பெட்டிக்குள் துரு ஏறுகிறது. இத்தகைய வீடுகளில் கசிவு மின்சாரம் இருப்பது சாதாரணம். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மின்னோட்டத்தை அளந்து, எது கூடுதலோ அதைக் கணக்கில் எடுக்கும் மீட்டர்கள் கசிவையும் சேர்த்துப் பதியும். இரண்டு வீடுகள் ஒரே நியூட்ரலில், அதாவது மின்னோட்டம் திரும்பும் கம்பியில், கோக்கப்பட்டிருந்தால் ஒரு வீட்டின் மீட்டரில் அடுத்த வீட்டுப் பங்கும் ஏறக்கூடும். ஒரு சுவரில் மூன்று வீடு சாய்ந்து நிற்கும் நம் கடலோரக் குடியிருப்புகளில் இப்படிப்பட்ட கோர்வைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது, பழைய மீட்டரையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. மக்கள் கேட்டது நியாயமான சோதனை. இங்கேயும் தெருவுக்குச் சில வீடுகளில் இரண்டு மீட்டரும் ஒரு சுற்று சேர்ந்து ஓடட்டும். அதை ஊரார் முன்னால் படித்துக் காட்டினால் பாதிச் சண்டை அத்தோடு முடிந்துவிடும்.

நெட்வொர்க் பற்றிய கவலையும் வெறும் கற்பனை அன்று. ஸ்மார்ட் பிரீபெய்டில் இருப்புக் கணக்கு மீட்டருக்குள் இருப்பதில்லை, எங்கோ இருக்கும் கணினியில் இருக்கிறது. பணம் போட்டால், போட்ட செய்தி கணினிக்குப் போய், அங்கிருந்து "இணைப்பைக் கொடு" என்ற கட்டளை மீட்டருக்கு வந்துசேரவேண்டும். சிக்னல் தேய்ந்த இடத்தில் பணம் போனபின்னும் விளக்கு எரியாமல் நிற்கலாம். இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்டு 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் தவறாகப் போன ஒரு கட்டளையால் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரேயடியாக இருளில் மூழ்கின. பில் ஒழுங்காகக் கட்டியவர்களும் அதில் அடக்கம். புயல் நேரத்தில் கோபுரங்கள் படுத்துவிட்ட ஊரில், மின்கம்பிகள் திரும்ப உயிர்பெற்ற பிறகும் இருப்பு தீர்ந்துபோன வீடு மட்டும் இருட்டில் இருக்கவேண்டுமா என்ற கேள்வியை நம் கடற்கரை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எல்லோரும் ஒரே மாதிரித் தயங்குகிறார்கள் என்றும் சொல்லமுடியாது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மகன் வளைகுடாவில் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய சுமையாக இராது. அங்கிருந்தே பணம் போட்டுவிடலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு 2022இல் நிலைக்கட்டணமும் நீக்கப்பட்டுவிட்டதால், எரிக்காத யூனிட்டுக்கு எதுவும் கழியாது. "கதவு பூட்டி" என்று எழுதி முந்தைய சராசரியைப் போட்டு, பிறகு திறந்து பார்த்துத் திருத்தும் தொல்லை ஒழியும். ஆனால் அந்த நன்மை ஸ்மார்ட் மீட்டர் தரும் நன்மை, பிரீபெய்டு தருவதில்லை. கணக்கெடுக்க நாங்கள் பத்து நாள் தாமதமாகப் போனால் வீடு மேல் படிநிலைக்கு ஏறிவிடுகிறது என்ற பழைய புகாருக்கும் குறித்த நாளில் தானே பதியும் மீட்டர்தான் விடை. 2020 ஊரடங்கில் நான்கு மாதக் கணக்கைச் சேர்த்தெடுத்துப் பிரித்தபோது எழுந்த மனக்கசப்பு அப்படியொரு மீட்டர் இருந்திருந்தால் வந்திருக்காது. வாடகை வீடுகளில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமாக ஒரு விலை வைத்து வாங்கும் உரிமையாளர்களிடமிருந்து குடியிருப்போருக்கு விடுதலை கிடைக்கக்கூடும். காலி செய்கையில் மீதியிருக்கும் இருப்பு யாருக்குச் சேரும் என்பதைத் தீர்த்துவைத்தால் மட்டுமே அது நடக்கும்.

பிரீபெய்டு முறைக்கே உரிய ஒரு நன்மையையும் மறைக்கமாட்டேன். பாடு அமைந்த நாளில் கையில் புரளும் காசிலிருந்து ஐம்பது, நூறு என்று போட்டுவைக்கலாம். மொத்தமாக 1700 ரூபாய் கேட்டு ஒரு பில் வந்து, அதற்காகத் தோடு அடகுக்குப் போகும் நிலை குறையும். மின்சாரச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, பிரீபெய்டு மீட்டருக்கு ஒப்புக்கொண்டவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது என்கிறது. ஆகவே இருக்கும் டெபாசிட் இருப்பாகத் திரும்பி வரவேண்டும். கூடுதல் டெபாசிட் கேட்டு வரும் தாளும் நின்றுபோகும். கையில் காசு நிற்காத வீட்டில் இது சிறிய உதவியில்லை. மறுக்கமுடியாத நன்மைதான், ஆனால் நல்ல நாள்களுக்கான நன்மை. தடைக்காலத்துக்கும் கூண்டு ஏறிய வாரத்துக்கும் இதில் விடை இல்லை.

போனோடு ஒப்பிட்டீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போன் நின்றால் பேச்சு நிற்கும். பக்கத்து வீட்டில் ஒரு போன் வாங்கிப் பேசிவிடலாம். கரண்ட் நின்றால் தண்ணீர் மோட்டார் நிற்கும், கொசுக்கடியில் குழந்தை தூங்காது, இளைப்பு வந்த பெரியவருக்கு ஆவி பிடிக்கும் கருவி ஓடாது. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்தால் அது விதிமீறல். இன்னொன்றும் மக்கள் மனத்தில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கும் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்த காலம் போய், இப்போது 28 நாள் திட்டம் என்று ஒரு தொகைக்குக் குறையாமல் போடவேண்டியிருக்கிறது. மின்சாரத்திலும் நாளைக்கு அப்படி ஆகாது என்று யார் எழுதித் தந்திருக்கிறார்கள்? குறைந்தபட்ச ரீசார்ஜ் தொகை எவ்வளவு என்பது அதனால் சின்னக் கேள்வி இல்லை.

பிற நாடுகளிலும் இதே தயக்கம் இருந்து, சில இடங்களில் விதியாகவே மாறியிருக்கிறது. பிரிட்டனில் பாக்கி வைத்த ஏழை வீடுகளில் வலுக்கட்டாயமாகப் பிரீபெய்டு மீட்டர் பொருத்தியது 2023 பிப்ரவரியில் பெரிய விவகாரமாகி அந்த வேலை நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த விதிகளில், துணையில்லாமல் வாழும் 75 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலும் கட்டாயமாகப் பொருத்தக்கூடாது என்று வைத்தார்கள். இருப்பு தீர்ந்ததும் கைகொடுக்க அவசரக் கடன் இருப்பு, இரவிலும் விடுமுறையிலும் துண்டிக்காத நேரம் ஆகியவையும் அங்கே உண்டு. நமக்கும் இவை வேண்டும். தடைக்காலம் முழுவதும் மீனவர் வீடுகளுக்குத் துண்டிப்பு இல்லை, அந்தப் பாக்கியைத் தடை முடிந்தபின் தவணையில் கழிக்கலாம் என்ற ஏற்பாடும் கூடவே வேண்டும். நிவாரணத் தொகைக்கு மீனவர் பட்டியல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. அதே பட்டியலை மின் இணைப்பு எண்களோடு சேர்ப்பது கடினமான வேலையன்று.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மீட்டர் பொருத்த ஆள் வந்தால் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பவேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்துகிறார்களா, பிரீபெய்டு முறைக்கும் மாற்றுகிறார்களா என்று முதலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். முறை மாறுகிறது என்றால் டெபாசிட் தொகை எவ்வளவு, அது எந்த நாளில் இருப்பாக வரவு வைக்கப்படும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி போகும் எண்ணில் அப்பாவின் எண்ணோடு அம்மாவின் எண்ணையும் சேர்க்கமுடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அம்மாவின் எண்ணையே கொடுங்கள், ஏனென்றால் கரையில் இருப்பவர் அவர்தான். வந்தவர்கள் மீட்டரைத் திறப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய மீட்டர் ஓடுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். எல்லாம் அணைந்தும் அளவு நகர்ந்தால் அல்லது விளக்கு துடித்தால், மெயினுக்கு முன்னால் எங்கோ கசிவோ பக்கத்து வீட்டுக் கோர்வையோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது மீட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. பொருத்திய பின்னும் அளவு பொருந்தவில்லை என்று தோன்றினால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2020 விதிகளின்படி 30 நாளுக்குள் அதைச் சோதித்தாகவேண்டும். பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் கடைசி அளவையும் மீட்டர் எண்ணையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவை வெள்ளை அட்டையில் எழுதி, கழற்றியவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இனி அட்டை தேவையில்லை என்று அவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் கொடுத்து, இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.